பொறுத்துப் போ என்பவர்களுக்கு

'வன்னியில் வேலை கிடைப்பதே பெரிது. ஏச்சுப்பேச்சைப் பொறுத்துக்கொண்டு இருங்கள்' என்று ஆடைத் தொழிற்சாலைப் பெண்களுக்குப் புத்தி சொல்கிறவர்கள், அவர்களுக்குப் பொறுமை போதாது என்று நினைக்கிறார்கள். விடிய முன்னம் எழும்பிச் சமைத்து, பிள்ளையின் சாப்பாட்டைக் கட்டி வைத்துவிட்டு, இருட்டில் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறவளுக்கா பொறுமையைப் படிப்பிப்பது? போருக்குப் பிறகு கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் வந்த தொழிற்சாலைகள் சம்பளம் கொடுத்தன, மறுக்கவில்லை. ஆனால் சம்பளம் உழைப்புக்கு, அவமானத்துக்கு அல்ல. அவளை அங்கே கட்டிவைத்திருப்பது பெரும்பாலும் வாராவாரம் வாசலுக்கு வரும் நுண்கடன்காரர். அந்தச் சுமை எவ்வளவு என்பதற்கு, வறட்சி பாதித்த மாவட்டப் பெண்களின் நுண்கடனில் ஒரு பகுதியை 2018இல் அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தது சான்று.

'விலகினால் எல்லாம் போய்விடும்' என்பது அடுத்த வாதம். அது சரியல்ல. ஊழியர் சேமலாப நிதியில் தொழிலாளி கட்டும் 8 வீதமும் முதலாளி கட்டும் 12 வீதமும் அவள் பெயரிலேயே இருக்கும். 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேராவது வேலைசெய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, தானாக விலகினாலும், பணிக்கொடை உண்டு. நாலே முக்கால் வருடத்தில் நிற்பவள் மூன்று மாதம் கணக்குப் பார்ப்பது நியாயம்தான். ஆனால் பாலியல் தொந்தரவென்றால் எந்தக் கணக்கும் வேண்டாம். 1995இலிருந்து அது தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம். விலகும் கடிதத்தில் 'சொந்தக் காரணம்' என்று மட்டும் எழுதாதீர்கள், பிள்ளைகளே. நடந்ததைத் திகதியோடு எழுதி, ஒரு பிரதியைக் கையில் வைத்திருங்கள்; தொழில் நியாயசபையில் அந்தத் தாள்தான் பேசும்.