“ஏதோ குறைகிறது”

சபையின் ஆண்டுவிழாச் சுவரொட்டியை வடிவமைத்த தம்பியிடம், “ஏதோ குறைகிறது, இன்னும் எடுப்பாகச் செய்யுங்கள்” என்று மும்முறை சொல்லி அனுப்பினேன். அவரும் இரவெல்லாம் விழித்திருந்து படத்தை மாற்றினார், அலங்காரத்தைக் கூட்டினார். கடைசியில் ஒரு மூதாட்டி அதை உற்றுப் பார்த்து, “ஐயா, தேதி எங்கே இருக்கிறது?” என்றார். குறை அதுதான். வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து!

இங்கே, “எழுத்தைச் சிவப்பாக்குங்கள்” என்று கட்டளையிடுவதும் சரியன்று. தெருவில் நிற்பவருக்குத் தேதி தெரியவில்லை என்று சொன்னால் போதும். மாற்றவேண்டியது நிறமா, அளவா, இடமா என்பதை அவரே அறிவார். மூப்பர் ஐவர் ஐந்து விதமாய்ப் பேசினால் அவர் யாருக்குச் செவிகொடுப்பார்? ஒருவர் தொகுத்துச் சொல்லட்டும். அதையும் முதல் வரைவிலேயே சொல்லட்டும்.

பெசலெயேலின் கைத்திறன் தேவ ஆவியின் ஈவு என்று யாத்திராகமம் 31-இல் வாசிக்கிறோம். 39-ஆம் அதிகாரத்தின் முடிவில் மோசே வேலைகளையெல்லாம் பார்வையிடுகிறார். எதனோடு ஒப்பிட்டு? தம் ரசனையோடு அல்ல, முன்பே கொடுக்கப்பட்டிருந்த கட்டளையோடு. பின்பு வேலைசெய்தவர்களை ஆசீர்வதிக்கிறார். நானோ அந்தத் தம்பிக்கு இன்னும் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.