'அநியாயம்' என்பது வெறும் முகச்சுளிப்பா?

"உணர்ச்சிவசப்படாதீங்க தோழர், விஷயத்தைச் சொல்லுங்க." சாதிக்கொடுமை பற்றிப் பேச எழுந்தால் நமக்குக் கிடைக்கும் முதல் புத்திமதி இது. 'தனி டம்ளர் வச்சான்' என்பது விஷயமாம். 'அது அநியாயம்' என்பது நம்ம உணர்ச்சியாம். இந்தப் பிரிவினைக்குப் பின்னால் ஒரு தத்துவமே நிற்கிறது. அதோடு மோதாமல் கோபப்பட்டு மட்டும் பயனில்லை.

1936இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஏ. ஜே. ஏயர் 'மொழி, உண்மை, தர்க்கம்' என்ற நூலை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 25. அனுபவத்தில் சோதிக்கக்கூடிய வாக்கியத்துக்கும், கணித, தர்க்க வாக்கியத்துக்கும் மட்டுமே அர்த்தம் உண்டு என்றார். ஒருவன் திருடினான் என்பது செய்தி. 'தவறு' என்று சேர்த்தால் செய்தி எதுவும் கூடுவதில்லை, முகம் சுளித்த மாதிரிதான். அது உண்மையுமில்லை, பொய்யுமில்லை.

ஏயரைக் கெட்டவர் என்று தள்ளிவிட முடியாது. ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கிய பிரிட்டிஷ் சட்டத்தை மாற்றப் பாடுபட்ட சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். அவருடைய கத்தி நமக்கும் உதவும். 'இதுதான் தர்மம்'னு ஒருத்தன் அடித்துச் சொன்னால், 'அது உன் விருப்பம், உண்மையில்ல'ன்னு திருப்பிச் சொல்லலாம். ஆனால் அதே கத்தி நம்முடைய 'அநியாய'த்தையும் அறுத்துவிடுகிறது. அவனுக்கு அவன் ருசி, நமக்கு நம்ம ருசி என்றாகிவிட்டால், அப்புறம் யாரிடம் ஆள்பலம் இருக்கிறதோ அவன் ருசிதான் ஊர்ச்சட்டம்.

1965இல் பீட்டர் கீச் இந்த வாதத்தில் ஒரு ஓட்டையைக் காட்டினார். ஒரு செயல் கெட்டது என்றால், தம்பியை ஏவி அதைச் செய்ய வைப்பதும் கெட்டது. இப்படிச் சொல்பவர் இன்னும் யார்மேலும் கோபப்படவில்லை, எதையும் கண்டிக்கவில்லை. ஆனாலும் வாக்கியம் புரிகிறது. 'ச்சீ' என்ற சத்தத்தை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள், நிற்காது.

நம்ம பேச்சும் இதுதானே? 'பிறப்பை வச்சு ஒருத்தரைத் தாழ்த்துறது தப்புன்னா, தனி டம்ளரும் தப்பு.' முன்பாதியை ஒப்புக்கொண்டவன் பின்பாதியிலிருந்து நழுவ முடியாது. முகச்சுளிப்பால் யாரையும் இப்படி மடக்க முடியுமா? கீச்சுக்குப் பதில் சொல்ல ஏயர் வழிவந்தவர்கள் இன்றும் முயல்கிறார்கள்; சண்டை ஓயவில்லை. 'அநியாயம்' உண்மை என்று கீச் நிரூபித்துவிடவும் இல்லை. அது வாதத்துக்குள் நிற்கும் சொல் என்று காட்டினார். நமக்கு அது போதும்.

ஏயரின் நூல் வந்த அதே 1936இல், லாகூரில் பேச அழைத்தவர்களே ரத்து செய்த 'சாதி ஒழிப்பு' உரையை அண்ணல் அம்பேத்கர் தாமே அச்சிட்டு வெளியிட்டார். அதில் விதி வேறு, கோட்பாடு வேறு என்று பிரிக்கிறார். விதி, இதைச் செய் அதைச் செய்யாதே என்று ஏவும். கோட்பாடு, ஒரு செயலை எடைபோட்டுப் பார்க்கக் கற்றுத்தரும். அவன் சொல்லும் 'தர்மம்' ஏவல். ஏன் என்று கேட்டால் வாயடைத்துப் போகும், இல்லை கை ஓங்கும். நாம் சொல்லும் 'அநியாயம்' ஏன் என்ற கேள்விக்குக் காத்திருக்கிறது.

அதனால் அடுத்த தடவை 'உணர்ச்சிவசப்படாதீங்க'ன்னு யாராவது சொன்னால் உட்கார்ந்துவிடாதீர்கள். 'கோபம் இருக்கு தோழர், காரணமும் இருக்கு. மறுக்கிறதுன்னா நீங்களும் காரணத்தோட வாங்க.'