நால்வர் சுமக்கும் சோகம்

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கு தந்தி வாத்தியங்களை மட்டுமே கொண்டு ஐரோப்பிய மேதைகள் இயற்றிய ‘ஸ்டிரிங் குவார்ட்டெட்’ என்னும் சங்கீத உருவம் இன்று நம் காதுகளை வந்தடையும் விதத்தைப் பார்க்கும்போது, அதன்பால் பற்றுக் கொண்டவர்களுக்கு வருத்தம் உண்டாகாமல் இராது. மன அமைதிக்கு என்றும், நல்ல உறக்கத்துக்கு என்றும், மாணவர்கள் படிக்கும்போது பின்னணியில் ஒலிப்பதற்கு என்றும் தலைப்பிட்டுக் கைப்பேசியில் உலவும் தொகுப்புகளில், ரொமாண்டிக் யுகத்துக் குவார்ட்டெட்டுகள் துண்டு துண்டாக நறுக்கப்பட்டு, அவற்றுள் மிக இனிமையான துண்டு மட்டும் பொறுக்கி வைக்கப்படுகிறது. பீட்டர்ஸ்பர்க் நகரில் ரசாயனப் பேராசிரியராயிருந்த போரோதின் 1881-ல் இயற்றித் தம் மனைவிக்குக் காணிக்கையாக்கிய இரண்டாவது குவார்ட்டெட்டில் நான்கு பகுதிகள் உண்டு; ஆனால் ‘நாக்டர்ன்’ என்ற மூன்றாம் பகுதியே ஊரெல்லாம் சுற்றி வருகிறது. சைக்கோவ்ஸ்கியின் முதல் குவார்ட்டெட்டுக்கும் இதே கதிதான். அதன் இரண்டாம் பகுதியை 1876 டிசம்பரில் மாஸ்கோ சங்கீதக் கல்லூரியில் கேட்ட டால்ஸ்டாய் கண்ணீர் விட்டார் என்பதும், அருகில் அமர்ந்திருந்த சைக்கோவ்ஸ்கி அதைப் பெரும் பேறாகக் கருதிப் பத்தாண்டுகளுக்குப் பின்னரும் தம் நாட்குறிப்பில் நினைவுகூர்ந்தார் என்பதும் பிரசித்தமான செய்திகள். டால்ஸ்டாயை அழவைத்த ஒன்றை நாம் உறக்க மருந்தாக்கிக்கொண்டோம்.

இந்தச் சங்கீதத்தின் உணர்ச்சி வன்மை அதன் மெட்டின் இனிமையில் அடங்கிவிடுகிறது என்று எண்ணுவதே இதற்கு மூலகாரணம் என்பது என் துணிபு. ஒரு மனிதனுடைய துயரம் நால்வர் கைக்குப் போய், ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்து, மூன்றாமவர் அதைத் தாங்கி, நான்காமவர் சிறிது நேரம் வாளாவிருந்து, பின்னர் எல்லோரும் சேர்ந்து சுமக்க நேருகிறதே, அந்த நெடிய வியாபாரத்தில்தான் அதன் உயிர் இருக்கிறது. நான்கு நிமிஷத் துண்டில் அது அகப்படாது.

நம் கச்சேரி மேடைக்கு வயலின் புதியதன்று. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் அதைக் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்கு இசைவித்த காலந்தொட்டு அது நம்முடையதாகவே ஆகிவிட்டது. ஆயினும் நம் மேடையில் அந்த வாத்தியம் பெரும்பாலும் பாடகரின் அடியொற்றிச் செல்வது. பாடகர் விட்ட இடத்தில் எடுத்து, எடுத்த இடத்தில் விட்டு, அவருடைய மனோதர்மத்துக்கு நிழலாக நிற்பது. குவார்ட்டெட்டிலோ தலைமைப் பாடகர் என்று ஒருவர் இல்லை. தாளத்தைப் பிடித்து நிறுத்த மிருதங்கம் இல்லை. கோலை அசைத்து வழிகாட்ட நடத்துநரும் இல்லை. முதல் வயலின்காரர் மூச்சை உள்ளிழுப்பது முன்வரிசையில் இருப்போர் காதில் விழும். அந்த மூச்சே எடுப்பு. எதிரிலிருக்கும் செல்லோக்காரரின் புருவம் சற்று உயர்கிறது, நான்கு விற்களும் ஒரே கணத்தில் தந்தியில் படுகின்றன. பெரிய வாத்தியக் குழுவில் ஒருவர் பிசகினால் மற்ற எண்பது பேர் மறைத்துவிடுவார்கள். இங்கே மறைவிடமே கிடையாது. ஒவ்வொருவரும் தம் வழியில் தனித்துச் செல்லவேண்டும், செல்லும்போதே மற்ற மூவரையும் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும்.

ஜெர்மானிய மகாகவி கதே, 1829-ல் தம் நண்பரும் பெர்லின் நகரத்துச் சங்கீத ஆசிரியருமான ஸெல்டருக்கு எழுதிய கடிதத்தில், விவேகிகளான நால்வர் தமக்குள் சம்பாஷிப்பதைக் கேட்பதாகக் குவார்ட்டெட்டை வர்ணித்தார். ஹைடனுக்கும் மோஸார்ட்டுக்கும் அந்த வர்ணனை வெகு பொருத்தம். ஆனால், ஸெல்டரிடமே பாடம் கேட்டவரும், பன்னிரண்டாம் வயதில் ஸெல்டரால் வைமார் நகருக்கு அழைத்துச் செல்லப்பட்டுக் கதேயின் முன்னிலையில் பியானோ வாசித்தவருமான மெண்டல்ஸன், தம் ஆயுளின் கடைசி ஆண்டில் எழுதிய எஃப் மைனர் குவார்ட்டெட்டில் அந்த விவேகிகளைக் காணோம். அவருக்கு ஃபான்னி என்று ஒரு தமக்கை; அவரும் 1834-ல் ஒரு குவார்ட்டெட் இயற்றிய அபூர்வ மேதை; தம்பி எழுதிய எதையும் முதலில் பார்த்துக் குணதோஷம் சொல்லத் தக்கவர். கதேயின் கவிதை ஒன்றுக்குத் தம்பி இசையமைத்த கூட்டுப்பாடலை, 1847 மே 14-ஆம் தேதி பெர்லினில் தம் இல்லத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோதே ஃபான்னியின் கைகள் மரத்துப்போயின. மூளையில் ரத்தம் கசிந்து அன்றிரவே உயிர் பிரிந்தது. தம்பி அந்தக் கோடையில் ஸ்விட்ஸர்லாந்தின் இண்டர்லாக்கனுக்குப் போய் அமர்ந்து இந்தக் குவார்ட்டெட்டை எழுதினார். நவம்பர் 4-ஆம் தேதி அவரும் மறைந்தார், வயது 38.

அதைக் கேட்கத் தொடங்கினால் முதலில் மெட்டே வருவதில்லை. வில்லின் நடுக்கம்தான் வருகிறது. ‘நடுவேனில் இரவுக் கனவு’ என்ற நாடகத்துக்குப் பதினேழு வயதில் முகப்பிசை எழுதியபோது, தந்திகளின்மேல் தேவதைகளை ஓடவிட்டவர் மெண்டல்ஸன். அந்த மென்மையே அவர் கையொப்பம் என்று உலகம் கொண்டாடிற்று. இங்கே இரண்டாம் பகுதியில் அதே துரித நடை உண்டு, ஆனால் தாளம் தப்பித் தப்பி விழுகிறது. தேவதைகள் போன இடம் தெரியவில்லை. மூன்றாம் பகுதியில் மாத்திரம் தமக்கையோடு பேசுவதுபோலச் சற்று நேரம் கனிவாகப் பாடுகிறார். நான்காவதின் முடிவில் முதல் வயலின் ஓட்டமாக ஓடுகிறது, மற்ற மூவரும் அதைத் தடுக்கவும் முடியாமல் விட்டுவிடவும் மனமின்றி உடன் ஓடுகிறார்கள், சமாதானம் ஏதும் கிட்டாமலே எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆறுதலுக்கு ஒரு சொல்கூடச் சேர்க்காமல் நிறுத்திய அந்தச் சத்தியத்துக்காகவே இதை நான் மெண்டல்ஸனின் சிகரமாகக் கருதுகிறேன்.

வியன்னாவின் ஷூபர்ட் 1824-ல் தம் டி மைனர் குவார்ட்டெட்டை எழுதியபோது, தீரா நோயில் வீழ்ந்து, மருத்துவமனை வாசமும் கண்டு, இனித் தம் தேகம் பழையபடி ஆகாது என்பதை அறிந்திருந்தார், வயது இருபத்தேழு. அதன் இரண்டாம் பகுதிக்கு, 1817-ல் தாமே எழுதிய ‘மரணமும் கன்னியும்’ என்ற பாட்டில் மரணம் பேசும் இடத்தை எடுத்துக்கொண்டார். அதில் மெட்டென்று சொல்ல அதிகம் இல்லை. ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தில் நின்று, ஒரு நெடிலும் இரு குறிலுமாக நால்வரும் ஒரே அடியில் நடக்கிறார்கள். பின் ஐந்து முறை அதே நடை வேறு வேறு கோலத்தில் திரும்புகிறது. முதல் முறை மேலே வயலின் விம்முகிறது. இரண்டாம் முறை செல்லோ தன் இயல்பான கீழ்ஸ்தாயியை விட்டு உயர ஏறி அந்த நடையைப் பாட்டாகவே பாடுகிறது. ஆழத்தில் இருந்து அஸ்திவாரம் போட வேண்டியவன் மேலே வந்து பாடும்போது கேட்பவர் மனம் நிலைகுலைகிறது. எந்தக் குரல் எந்த இடத்திலிருந்து பேசுகிறது என்பதே இங்கு பாதி உணர்ச்சி.

ஆனால் இந்த உருவத்தின் ஆற்றல் அனைத்தையும் ஓரிடத்தில் காண விரும்புவோருக்கு நான் சுட்டுவது, செக் நாட்டு ஸ்மெத்தனா 1876-ல் எழுதிய ஈ மைனர் குவார்ட்டெட். ‘என் வாழ்விலிருந்து’ என்று அவரே அதற்குப் பெயர் வைத்தார். 1874-ஆம் ஆண்டு, ஐம்பது வயதில், சில மாதங்கள் ஓயாத காதிரைச்சலால் துன்புற்றபின், அக்டோபரில் அவருக்கு இரு செவிகளும் அறவே கேளாமற் போயின. பிராக் நகரத்து நாடகசாலையின் சங்கீதத் தலைமைப் பதவியை விட்டு, யாப்கெனிட்ஸெ என்னும் கிராமத்தில், வன அதிகாரியான மருமகன் வீட்டில் மகளுடன் தங்கியிருக்கையில் இதை எழுதினார். தம் கையால் எழுதிய ஒரு ஸ்வரமும் தமக்கு ஒலியாக வந்து சேராது என்று தெரிந்தே எழுதினார்.

நால்வரும் ஓங்கி ஒரு தாக்குத் தாக்குகிறார்கள். அடுத்த கணம் மற்ற மூவரும் ரகசியம் பேசுவதுபோல் தாழ்ந்துவிட, வியோலா தனித்து எழுகிறது. வயலினைவிடச் சற்றுப் பெரிய உடலும், கனத்த, சற்றே கம்மிய குரலும் உடைய வாத்தியம் அது. மேலே வயலின்கள் பாட, கீழே செல்லோ நடக்க, இடைவெளியை நிரப்புவதே அதற்கு வழக்கமாக விதிக்கப்பட்ட வேலை. தம் வாழ்க்கைக் கதையை ஸ்மெத்தனா இந்த நடுப்பிள்ளையின் வாயில் வைத்தார். விதி விடுக்கும் அழைப்பு என்று அவர் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் விளக்கிய அந்த வாக்கியத்தை, நீண்ட ஸ்வரம் ஒன்றைப் பற்றிக்கொண்டு நின்று, சட்டென்று கீழே சரிந்து, வியோலா சொல்கிறது. இரண்டாம் பகுதி, நடனப் பித்துக்கொண்டிருந்த இளமைப் பருவத்துப் போல்கா. அதில் நான் அதிகம் நிற்கப்போவதில்லை. மூன்றாவது, ஸ்வீடனிலிருந்து தாயகம் திரும்பும் வழியில் 1859-ல் டிரெஸ்டன் நகரில் மாண்டுபோன முதல் மனைவி கத்தெர்ஸினாவின் நினைவு. செல்லோ தனியாகத் தொடங்கும். மற்றவர் மூவரும் வாத்தியத்தை மடியிலும் தோளிலும் வைத்தபடி காத்திருப்பார்கள். துக்க வீட்டில் ஒருவர் பேச வாயெடுக்கும்போது ஏனையோர் குறுக்கிடாமல் இருக்கும் மரியாதை அது.

நான்காம் பகுதி கொண்டாட்டமாகத் துவங்குகிறது. செக் மக்களின் ஆட்டமும் பாட்டும் சங்கீதத்தில் ஏறிவிட்டன, தாம் பாடுபட்டது பலித்தது என்ற பெருமிதத்தில் நான்கு வாத்தியங்களும் துள்ளுகின்றன. துள்ளல் உச்சத்தில் இருக்கும்போதே எல்லாம் அறுந்து நிற்கிறது. பின் கீழே மூன்று வாத்தியங்களும் வில்லை நடுக்கி ஓர் உறுமலை எழுப்ப, அவற்றுக்கு வெகு உயரத்தில், முதல் வயலின் தன் மெல்லிய தந்தியின் உச்சியில் ‘ஈ’ என்ற ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கிறது. அதில் கமகம் இல்லை, அசைவு இல்லை, அழகும் இல்லை. செவிடாவதற்கு முன் அவர் காதுக்குள் ஓயாமல் கூவிய கூவல் அது. அதன் பின் வியோலாவின் பழைய அழைப்பு திரும்புகிறது, ஒரு சிறு நம்பிக்கையின் நினைவு எட்டிப் பார்க்கிறது, தந்தியை விரலால் மீட்டும் மெல்லிய ஓசையில் எல்லாம் ஓய்கிறது.

காதிரைச்சலைப் போலத் தனிமையான துன்பம் வேறில்லை. படுபவரைத் தவிர உலகில் எவர் காதிலும் அது விழாது; பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கும் கேட்காது, வைத்தியருக்கும் கேட்காது. ஸ்மெத்தனா அதை எடுத்து ஒரு வயலின்காரர் கையில் கொடுத்தார், அது மிதந்து அலையாதபடி மூன்று பேரைக் கீழே நிறுத்தினார், சபையில் இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்கும்படி செய்தார். அவர் ஒருவருக்குத்தான் அது கேட்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மேற்கொண்டு பேச நா எழுவதில்லை.

பிராகில் பிறந்து வியன்னாவில் புகழ்பெற்ற விமர்சகர் ஹான்ஸ்லிக், சங்கீதத்தின் உள்ளடக்கம் உணர்ச்சியன்று, ஒலிகளின் இயங்கும் உருவமே என்று 1854-ல் ஒரு நூலில் வாதித்தார். கதையறிந்து அழுவதும் சங்கீதம் கேட்டு உருகுவதும் ஒன்றல்ல என்று அவர் எச்சரித்ததை நான் மதிக்கிறேன். ஸ்மெத்தனாவின் செவிட்டுத்தன்மையை அறியாதவரும் அந்த ‘ஈ’ ஸ்வரத்தில் திடுக்கிடத்தான் செய்கிறார். ஆனால் குவார்ட்டெட்டில் இயங்கும் உருவம் என்பதே மனிதர் ஒருவரையொருவர் தாங்குவதும், விலகுவதும், காத்திருப்பதும் ஆயிற்றே! அந்த உருவத்தை உணர்ச்சியிலிருந்து எப்படிப் பிரித்தெடுப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

இது சீமான்களின் கூடத்துச் சங்கீதம், நமக்கெதற்கு என்று சொல்வோர் உண்டு. ஷூபர்ட் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மகன்; விடுமுறை நாட்களில் அண்ணன்மார் இருவரும் வயலின் எடுக்க, தந்தை செல்லோ எடுக்க, ஷூபர்ட் வியோலா எடுத்து வீட்டிலேயே குவார்ட்டெட் வாசித்தார்கள். ஸ்மெத்தனா மதுவடிக்கும் தொழில் செய்தவர் வீட்டுப் பிள்ளை. ஸ்மெத்தனாவுக்கு அடுத்த தலைமுறைச் செக் சங்கீத மேதை த்வோர்ஷாக் கிராமத்துக் கசாப்புக்காரர் வீட்டுப் பிள்ளை. சாஸ்திர ஞானம் இல்லாமல் இதை ரஸிக்க முடியாது என்ற அச்சத்துக்கும் ஆதாரமில்லை. நான்கு குரல்களைப் பிரித்துக் கேட்கும் பழக்கம் ஒன்றே வேண்டும். அது கேட்கக் கேட்கத் தானே வரும். முதல் தடவை முழுவதையும் இடையில் நிறுத்தாமல் கேட்டுவிட்டு, மறுதடவை வியோலாவை மாத்திரம் பின்தொடர்வது என் யோசனை. இனிமைக்காகச் செவி மேலே பாடும் வயலினையே பற்றிக்கொள்ளும். நடுக்குரலைத் தேடிப் பிடித்த பிறகே மற்ற மூவரும் எதற்காக அப்படி வாசிக்கிறார்கள் என்பது புலப்படும்.

அதற்கு ஸ்மெத்தனாவைவிட நல்ல ஆசான் இல்லை. 1878-ல் பிராக் நகரில் ஒரு நண்பர் இல்லத்தில் ‘என் வாழ்விலிருந்து’ முதன்முதலாக வாசிக்கப்பட்டபோது, வியோலாவை எடுத்து அந்த விதியின் அழைப்பை வாசித்தவர் த்வோர்ஷாக். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1893 ஜூனில், அமெரிக்காவில் ஐயோவா மாகாணத்தில் செக் குடியானவர்கள் வாழ்ந்த ஸ்பில்வில் என்ற சிற்றூரில் அவரே ஒரு குவார்ட்டெட் எழுதினார். வயலின்கள் மெல்ல அதிர, செல்லோ ஒரே ஸ்வரத்தில் காத்து நிற்க, அங்கும் முதலில் வாய்திறப்பது வியோலாதான். இரண்டையும் அடுத்தடுத்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒதுக்கி, வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் கேட்கலாம். ஸ்மெத்தனாவை முதலில் கேட்பது நலம்.