மூடவில்லை என்றால் அழுத்தாதே

பிரான்சில் துலூஸ் பக்கம் இருக்கும் என் அக்காள் மகன் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். மேசை மேல் ஐந்து வேட்டைத் தோட்டாக்கள் நிற்கின்றன. ஐந்துக்கும் வாய் மூடவில்லை. மடிப்புகள் கூடும் இடத்தில் ஓட்டை. ஒன்றில் ரவை வெளியே எட்டிப் பார்க்கிறது. கீழே ஒரு வரி: "மாமா, மெஷின் சரியில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் மூடிக்கொள்ளும் இல்லையா?"

அங்கே வேட்டை உரிமம் உள்ளவர்கள் சுட்ட தோட்டாக் கூட்டை எடுத்து வைத்து, வீட்டிலேயே மறுபடி மருந்தும் ரவையும் அடைத்துக்கொள்கிறார்கள். நம் நாட்டில் அதற்கென்று உரிமம் இல்லாமல் அப்படிச் செய்வது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். எனவே மூலக்குளத்தில் யாரும் இதைப் படித்துவிட்டுப் பரணில் கிடக்கும் சாமான்களை இறக்க வேண்டாம். நான் எழுதுவது அவனுக்காகவும், அவனைப் போல அங்கே பிள்ளைகளை வைத்திருக்கும் நம் வயதுக்காரர்களுக்காகவும்.

மெஷின் சரியில்லை என்பதுதான் எனக்குக் கோபம் மூட்டுகிற பேச்சு. முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் தபால் உறை ஒட்டியவன் நான். பத்துக் காகிதம் கொள்ளும் உறைக்குள் பதினைந்தைத் திணித்துவிட்டு, பசை சரியில்லை என்று சொல்லும் ஆட்களை நிறையப் பார்த்தாயிற்று. தோட்டாவின் வாயும் அப்படித்தான். கைப்பிடியை இழுக்கும்போது வாய் மூடுகிறதா இல்லையா என்பது, கைப்பிடியைத் தொடுவதற்கு முன்பே உள்ளே முடிவாகிவிட்ட விஷயம். அடியில் மருந்து, அதன் மேல் தக்கை, தக்கைமேல் ரவை. இந்த மூன்றும் சேர்ந்து எவ்வளவு உயரம் வருகிறதோ, அதற்கு மேல் எஞ்சும் விளிம்புதான் மடிகிறது. உயரம் கூடினால் நடுவில் ஓட்டை. குறைந்தால் மடிப்பு கிண்ணம் மாதிரி உள்ளே குழிந்துவிடும். சரியாக இருந்தால் விளிம்புக்கு ஒன்றரை மில்லிமீட்டர் கீழே தட்டையாக நிற்கும்.

என் பெரியப்பா சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். அவரிடம் செந்த்-எத்தியேன் ஊரில் செய்த 16 காலிபர் இரட்டைக்குழல் ஒன்று இருந்தது. 1960 வாக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் திண்ணையில் பலகை போட்டு, 'செர்த்திசேர்' என்ற கருவியை அதன் ஓரத்தில் திருகி மாட்டுவார். பார்க்கத் தேங்காய்த் துருவி மாதிரி இருக்கும். அப்போது காகிதக் கூடு. ரவைக்கு மேல் ஒரு அட்டை வில்லையை வைத்து, கைப்பிடியைச் சுற்றினால் கூட்டின் விளிம்பு உள்பக்கமாகச் சுருண்டு வில்லையைப் பிடித்துக்கொள்ளும். சுற்றுவது என் வேலை. ஆனால் ஒவ்வொரு கூட்டிலும் வில்லைக்கு மேல் எவ்வளவு விளிம்பு எஞ்சியிருக்கிறது என்று ஒரு குச்சியால் அளந்த பிறகுதான் என்னிடம் தருவார். அளவு தப்பினால் கொட்டிவிட்டு மறுபடி தராசை எடுப்பார். இன்றைக்கு அந்தக் காலத்து ஆட்கள் எல்லாம் கண்ணளவிலேயே அடைத்தார்கள் என்று பெருமை பேசுபவர்களைக் கேட்கும்போது சிரிப்புதான் வருகிறது. கண்ணளவில் அடைத்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும்.

அவர் பெரியப்பாவின் சிநேகிதர். ஐப்பசி மழையில் காகிதக் கூடு ஊதி, வாய்ச் சுருள் தளர்ந்திருந்தது. போகட்டும் என்று சுட்டார். 'டமால்' என்று வர வேண்டியது 'புஸ்' என்று வந்தது. புகையில்லா மருந்து முழுதாக எரிய வேண்டுமானால் முதல் கணத்தில் அதற்கு ஒரு தடை வேண்டும். வாய் மடிப்பு கொடுப்பது அந்தத் தடையைத்தான். தடை தளர்ந்தால் மருந்து பாதி எரிந்து, தக்கை குழலிலேயே நின்றுவிடும். குழலைத் திறந்து பார்க்காமல் அதே குழலில் அடுத்ததைப் போட்டுச் சுட்டார். குழல் நடுவில் பலாக்கொட்டை மாதிரி புடைத்தது. கை தப்பியது கடவுள் செயல். இடது காது அன்றோடு போயிற்று.

மருமகனிடம் போனில் விசாரித்தேன். கூடு பழையது, தக்கை பழையது, மருந்து பழைய அளவு. மாறியது ரவை ஒன்றுதான். பிரான்சில் 2006 முதல் நீர்நிலைகளில் ஈய ரவைக்குத் தடை. வாத்துகள் அதைக் கல்மணி என்று நினைத்து விழுங்கிச் சாகின்றன. நம் ஊசுட்டேரிக்கு மார்கழியில் வரும் வாத்துகளைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தடையின் நியாயம் புரியும். ஆகவே இவன் எஃகு ரவை வாங்கியிருக்கிறான். ஈயம் இருந்த அதே எடைக்கு எஃகை நிறுத்துப் போட்டிருக்கிறான்!

ஈயத்தின் அடர்த்தி 11.3, எஃகுக்கு 7.8 அளவு. அதே எடைக்கு எஃகு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடம் பிடிக்கும். பிறகு வாய் எப்படி மூடும்? இதில் ஓட்டை சின்ன விஷயம். எஃகு ஈயம் போல நசுங்கிக் கொடுக்காது. அதற்குத் தனி மருந்து, தனி அளவு, குழலைக் காக்கும் தடித்த கிண்ணத் தக்கை எல்லாம் வேண்டும். அதே மருந்தின் மேல் எஃகைக் கொட்டி, மூடாத வாயை அழுத்தி மூடினால் உள்ளே அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஐந்து ஓட்டைகளும் அவனுக்கு நல்லது செய்தவை. அவன் திட்டியதோ மெஷினை.

இன்னொன்றும் கேட்டேன்: எந்தத் துப்பாக்கி? தாத்தாவுடையதாம், அதாவது பெரியப்பாவின் அதே வகைப் பழைய சாமான். பழைய பிரெஞ்சுத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மி.மீ. இவன் வைத்திருப்பதோ 70 மி.மீ. கூடு. 70 என்பது மடிப்பு விரிந்த பிறகு உள்ள நீளம். மடித்த நிலையில் சுமார் 58 தான். ஆகையால் அறைக்குள் சுகமாகப் போய் உட்காரும், யாருக்கும் சந்தேகம் வராது. சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் குழல் குறுகும் இடத்தில் நெருக்கும், அழுத்தம் ஏறும். 'உள்ளே போகிறதே மாமா' என்றான். போகும். அதுதான் ஆபத்து.

மடிப்பு அழகுக்காக என்று நினைப்பவர்கள் ஆறு மடிப்பா எட்டு மடிப்பா என்று மட்டும் விவாதிப்பார்கள். அதற்கு விடை ஒரு வரி: கூட்டில் முன்பு எத்தனை தடம் விழுந்திருக்கிறதோ அத்தனை. எட்டுத் தடத்தின் மேல் ஆறைப் போட்டால் கோணல்தான் வரும். வாய் கிழிந்த கூட்டைத் தூக்கி எறிய வேண்டும். இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

அந்தப் படத்தில் ஐந்துதான் இருந்தன. மொத்தம் எத்தனை அடைத்தாய் என்றேன். நாற்பதாம். மற்ற முப்பத்தைந்தும் அழுத்தியதில் மூடிக்கொண்டனவாம். அவற்றைத் தனியாகக் கட்டி, ஒன்றுகூடச் சுடாமல், துப்பாக்கியோடு சேர்த்து ஊரில் உள்ள ஆர்மூரியேரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை கடை திறந்திருக்குமாம், போகிறேன் என்றான். சனிக்கிழமை ராத்திரி நானே போன் செய்து கேட்பேன்.