வாத்து படுத்துவிட்டால் முதலில் தண்ணீரையும் தீவனத்தையும் பாருங்கள்

வெள்ளைக் கழிச்சல் வந்து கோழிக்கூண்டே காலியானாலும் பக்கத்தில் நிற்கும் வாத்து பெரும்பாலும் தப்பித்துவிடும். இதைப் பார்த்துப் பழகித்தான் ‘வாத்துக்கு நோயே வராது’ என்று நாம் நம்பிவிட்டோம். ஒருநாள் அது படுத்துவிட்டால் கையும் ஓடாது, காலும் ஓடாது. மருந்துக்கடையில் கோழிக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் பொடியை வாங்கித் தண்ணீரில் கலக்கிவிடுகிறோம். புதுச்சேரி நகரில் ஆசைக்கு இரண்டு மூன்று வாத்து வளர்ப்பவரானாலும், பாகூர் பக்கம் அறுவடை முடிந்த வயலில் மந்தையாக மேய்ப்பவரானாலும் இந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்பது என் கட்சி. படுத்துக் கிடக்கும் வாத்துகளில் பலவற்றுக்கு அந்தப் பொடியால் ஒரு பயனும் இல்லை.

முதலில் வயதைப் பாருங்கள். சில வாரக் குஞ்சு கால் வளைந்து, மூட்டு வீங்கி, நடக்காமல் உட்கார்ந்தே இருந்தால் அது பெரும்பாலும் நியாசின் என்ற வைட்டமின் குறைவு. வாத்துக் குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் சுமார் 55 மில்லிகிராம் நியாசின் தேவை. கோழிக்குஞ்சுக்கு 35 போதும். கடையில் வாங்கும் கோழித்தீவனத்தை மட்டுமே போட்டு, புழு, நத்தை, பாசி எதுவும் கிடைக்காத மொட்டைமாடியில் வளர்த்தால் கால் வளையத்தான் செய்யும். கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் நியாசின் கொடுத்தால், அல்லது தீவனத்தில் ஈஸ்ட் கலந்தால், ஆரம்பத்திலேயே கவனித்த குஞ்சு தேறிவிடும். எலும்பு வளைந்து முற்றிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

வளர்ந்த வாத்துக்குக் கால், சிறகு, கழுத்து என்று வரிசையாகத் துவண்டு, தலையைத் தூக்க முடியாமல் போனால் சுற்றியுள்ள குட்டையைப் போய்ப் பாருங்கள். கோடையில் நீர் வற்றி, மீனோ எலியோ செத்து அழுகிக் கிடக்கும். அதில் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் நச்சை உடம்பில் ஏற்றிக்கொண்ட புழுக்களை வாத்து ஆசையாகத் தின்றுவிடுகிறது. இதுதான் பொட்டுலிசம். இதில் வாத்தை வீழ்த்துவது கிருமியல்ல, நச்சு. நிழலுக்கு மாற்றுங்கள், நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வையுங்கள், தலை நீரில் மூழ்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். லேசாகப் பாதித்தவை இரண்டு மூன்று நாளில் எழுந்துவிடும். செத்ததை அள்ளிப் புதைக்காமல் விட்டால் அடுத்த வாத்தும் விழும்.

மழைக்காலத்துச் சங்கதி வேறு. ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் பட்ட மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் பூஞ்சை பிடிக்கும். அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நச்சைத் தாங்கும் சக்தி வாத்துக் குஞ்சுக்கு மிக மிகக் குறைவு. 1960-ல் இங்கிலாந்தில் வான்கோழிகள் லட்சத்துக்கு மேல் மடிந்தன. வாத்துக் குஞ்சுகளும் செத்தன. காரணம், பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அதன் பிறகு ஒரு தீவனத்தில் இந்த நச்சு இருக்கிறதா என்று சோதிக்கவே ஒரு நாள் வயது வாத்துக் குஞ்சைப் பயன்படுத்தினார்கள். கோழி தின்றும் தாங்கியது, வாத்தும் தாங்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது. பூஞ்சை வாடை அடிக்கும் மூட்டையை மாட்டுக்கும் போட வேண்டாம், குப்பைக்குப் போகட்டும்.

ஆன்டிபயாட்டிக்கால் பலன் உள்ள நோய் வாத்துக் காலரா. ஆனால் அதைப் போலவே திடீரென்று கொல்லும் வாத்து பிளேக் வைரஸ் நோய், அதற்கு மருந்து கிடையாது. வெளிச்சத்துக்குக் கண் கூசி இமை ஒட்டிக்கொள்ளும், தாகம் தணியாது, கழிச்சலில் ரத்தம் தெரியும். இரண்டையும் வெறும் கண்ணால் பிரித்தறிவது மருத்துவருக்கே கஷ்டம். கண்டபடி பொடி கலக்குவதால் நோய்க்குப் பதில் மருந்துதான் முட்டைக்குள் போகிறது. கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழி, கால்நடைகளுக்குப் பயன்படுத்த மத்திய அரசு 2019 ஜூலையில் தடை போட்டதும் இப்படிப்பட்ட கவலையால்தான்.

பிளேக்குக்குத் தடுப்பூசி இருக்கிறது. ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் தயாரிக்கிறது. 8 முதல் 12 வார வயதில் போடலாம். சிக்கல் என்னவென்றால், ஒரு குப்பி ஒரு மந்தைக்கான அளவு. கலக்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்தில் தீர்த்தாக வேண்டும். மூன்று வாத்து வைத்திருப்பவர் எங்கே போவார்? விரிவாக்கப் பணியாளர்களுக்கு என் வேண்டுகோள் இது: வில்லியனூரிலோ அரியாங்குப்பத்திலோ ஒரு தெருவின் வாத்துகளை எல்லாம் ஒரே காலையில் ஒரே இடத்துக்கு வரச் சொல்லுங்கள். ஒரு குப்பி போதும்.

செத்த வாத்தைக் குப்பையில் வீசுவதை நிறுத்துங்கள். குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்வி நிலையம் இருக்கும்போது நாம் காரணத்தை யூகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒன்று இரண்டு செத்திருந்தால் முதலில் போனில் கேளுங்கள். கொண்டுவரச் சொன்னால் கையுறை போட்டு இரண்டு பைகளில் கட்டி, பனிக்கட்டி வைத்து அன்றைக்கே கொண்டுபோங்கள். உறைய வைத்தால் பரிசோதனை கெட்டுவிடும். ஆனால் ஒரே நாளில் பல வாத்துகள் சரிந்தால், கழுத்து திருகிக்கொண்டால், எதையும் தொடாதீர்கள், எங்கேயும் எடுத்துப் போகாதீர்கள். குட்டநாட்டில் 2014-லும் ஆலப்புழையில் 2024-லும் வாத்துகளை அழித்தது பறவைக் காய்ச்சல். கால்நடை பராமரிப்புத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்களே வந்து மாதிரி எடுத்து போபாலில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அதுவரை பிள்ளைகளைக் கூண்டுப் பக்கம் விடாதீர்கள், உயிரோடு இருப்பதை விற்காதீர்கள்.