சங்கு வளையலும் சரவெடியும்

சென்ற மாதம் அம்மாவைக் கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். எங்கள் காரியாபட்டியிலிருந்து அது அதிகத் தூரமில்லை. பகடைக்காய், சில்லு, பெயர் கீறிய பானை ஓடு என ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்த அம்மா, நூல் நூற்கும் தக்களிகள் முன்னால் நின்றுவிட்டார். பதினைந்து ஆண்டுகள் நூற்பாலையில் வேலை செய்தவர். வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏய்யா, இதெல்லாம் செஞ்சவுக எந்தத் தெருவுல குடியிருந்தாகளாம்?"

அருங்காட்சியகங்களின் சமூக, பொருளாதாரத் தாக்கம்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. நான் படித்த எந்த அறிக்கையும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு செலவழித்தார்கள், எத்தனை வேலைகள் உருவாகின என்றுதான் அவை கணக்கெடுக்கின்றன. ஸ்பெயினின் பில்பாவோ நகரம் இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் உதாரணம். இரும்பு ஆலைகளும் கப்பல் கட்டும் தளங்களும் நொடித்துப்போன அந்த நகரத்தில் 1997இல் குகன்ஹைம் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பயணிகள் குவிந்தார்கள், பணம் புழங்கியது. அன்றிலிருந்து உலகின் பல நகரங்கள் அதே கனவோடு அருங்காட்சியகம் கட்டுகின்றன.

நம் ஊரில் பணம் எந்த வழியாகப் புழங்கும்? சாலையோரம் நிலம் வைத்திருப்பவர் கடை போடுவார். முதல் வைத்திருப்பவர் வாகன நிறுத்தத்தைக் குத்தகைக்கு எடுப்பார். நிலமும் முதலும் இல்லாதவருக்கு ஒப்பந்தத் துப்புரவு வேலையும் காவலாளி வேலையும் மிஞ்சும். "வேலைவாய்ப்பு பெருகியது" என்ற ஒற்றை வரி இந்த வேறுபாட்டை மூடி மறைத்துவிடும். யாருக்கு எந்த வேலை கிடைத்தது என்று சாதிவாரியாகக் கேட்காத தாக்க ஆய்வு, நிலவும் ஏற்றத்தாழ்வுக்குச் சான்றிதழ் கொடுப்பதில்தான் முடியும்.

சமூகத் தாக்கமும் இப்படித்தான். கீழடியில் வழிபாட்டுத் தடயங்கள் பெரிதாகக் கிடைக்கவில்லை என்பதை வைத்து, சாதியும் மதமும் இல்லாத நாகரிகம் என்று மேடைதோறும் பேசுகிறோம். வேதத்திலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்போருக்குக் கீழடி தரும் பதில் முக்கியமானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், மாநிலத் தொல்லியல் துறை அங்கே நான்காம் கட்ட அகழாய்வை நடத்திக்கொண்டிருந்தபோதுதான், 2018 மே 28 அன்று, அதே சிவகங்கை மாவட்டத்துக் கச்சநத்தத்தில் தலித்துகள் மூவர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய சாதியின்மையைக் கொண்டாடுவது எளிது. அந்தக் கொண்டாட்டம் இன்றைய சாதியைப் பற்றிப் பேசாமலிருக்க உதவுமானால், அதுவும் அருங்காட்சியகத்தின் தாக்கம்தான்.

எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்கு வருவோம். வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில் 2022இல் அகழாய்வு தொடங்கியது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள் என்று ஏராளமாகக் கிடைத்தன. அங்கே பெரிய அளவில் கைத்தொழில் நடந்திருக்கிறது என்று பெருமைப்படுகிறோம். அந்த மேட்டைச் சுற்றிலும் இன்றைக்குப் பட்டாசு ஆலைகள். சங்கை அறுத்த கைகளுக்கு மரியாதை செய்கிறோம். சரவெடி பின்னும் கைகளுக்கு?

இந்த மாவட்டத்தின் நவீன வரலாறே ஓர் அருங்காட்சியகத்துக்குரியது. நாடார்கள் கோயிலுக்குள் நுழையக் கூடாது என்று தடுக்கப்பட்டதும், 1899இல் சிவகாசியில் அவர்கள் தாக்கிச் சூறையாடப்பட்டதும் சாதியின் கதை. மகமைப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டி அவர்கள் எழுந்ததும், 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்ததும் அதே கதையின் தொடர்ச்சி. அந்தத் தொழில் குழந்தைகளின் விரல்களையும் நம்பி வளர்ந்தது என்பது அதே கதையின் மறுபக்கம். குழந்தை உழைப்பு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாயை முதலாளி கட்ட வேண்டும் என்று 1996இல் தீர்ப்பளித்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். எங்கள் காரியாபட்டிப் பக்கம் ஆவியூர்க் கல்குவாரியில் வெடிமருந்து வெடித்து மூன்று பேர் உடல் சிதறி மாண்ட நாள், 2024 மே 1. உழைப்பாளர் தினம்.

ஒடுக்கப்பட்டவர் எழுந்ததையும், எழுந்தவரின் தொழிலில் வேறு ஏழைகள் கருகியதையும் ஒரே கூரையின் கீழ் சொல்கிற ஓர் இடம் வேண்டும். சாத்தூர்ப் பக்கம் என் அம்மாச்சி தீக்குச்சி அடுக்கிய கட்டை அங்கே இருக்க வேண்டும். விபத்துகளில் இறந்தவர்களின் பெயர்கள், குடும்பங்களின் ஒப்புதலோடு, சுவரில் இருக்க வேண்டும்.

"கூலியும் பாதுகாப்பும் கேட்கவேண்டிய இடத்தில் அருங்காட்சியகம் கேட்கிறாயா?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' என்ற பகுதியை 1966இல் நிறவெறி அரசு வெள்ளையருக்கு மட்டுமானது என்று அறிவித்து, 60,000 பேருக்கு மேல் அப்புறப்படுத்தியது. 1994இல் அங்கே திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தின் தரையில் அந்தப் பகுதியின் வரைபடம் கிடக்கிறது. விரட்டப்பட்டவர்கள் தம் வீடு இருந்த இடத்தைத் தாமே அதில் குறித்தார்கள். நிலத்தைத் திரும்பக் கேட்கும் போராட்டத்தோடு சேர்ந்தே அந்த அருங்காட்சியகம் வளர்ந்தது. உள்குத்தகையில் பதிவேடே இல்லாமல் ஆள் வைக்கப்படும் பட்டாசுத் தொழிலில், இன்னார் இங்கே வேலை செய்தார் என்பதற்கான ஆவணமே நிவாரணத்தின் முதல் படி. கூலிக் கேள்வியும் நினைவுக் கேள்வியும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. அரசு அருங்காட்சியகங்களில் யார் எந்த வேலையில், எந்தக் கூலியில் இருக்கிறார்கள் என்பதைச் சாதிவாரியாக வெளியிட வேண்டும். அங்குள்ள கடைகளிலும் உணவகங்களிலும் அகழாய்வில் மண் சுமந்த உள்ளூர்ப் பெண்களுக்கும் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கும் முன்னுரிமை வேண்டும். விருதுநகர் மாவட்டத்தில் தீப்பெட்டி, பட்டாசு, குவாரித் தொழிலாளர்களுக்கான அருங்காட்சியகம் அமைய வேண்டும். எதைக் காட்சிக்கு வைப்பது என்பதை முடிவு செய்யும் குழுவில் அந்தத் தொழிலாளர்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும்.

அன்றைக்கு அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தக்களியைச் செய்தவர் எந்தத் தெருவில் குடியிருந்தார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. சரவெடி பின்னியவர் எந்தத் தெருக்காரர் என்று இன்றைக்கு நம்மால் சொல்ல முடியும். இப்போதே எழுதி வைப்போம்.