பந்து விளையாடுற பையனும் பேங்க் வேலையும்

மட்டாஞ்சேரி கிளையில் என் மேஜைக்கு வரும் தமிழ்க் குடும்பத்துக்காரர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி கடன் பற்றி, கால்வாசி பிள்ளைகள் படிப்பு பற்றி. மீதியில் அடிக்கடி வருவது இது: "சார், பையன் பந்து பந்துன்னு அலையுறான். ஃபோர்ட் கொச்சி பரேட் மைதானத்தை விட்டு வீட்டுக்கே வர மாட்டேங்குறான். விடலாமா, அடக்கணுமா?"

கொச்சியில் இருந்துகொண்டு பிள்ளை கால்பந்து பக்கம் போகக் கூடாது என்றால் நடக்கிற காரியமா? அதனால் "விடலாமா" என்பதை விட்டுவிட்டு, "எப்படி விடலாம்" என்று பார்ப்போம். நான் பி.காம். படித்தவன். எனக்குக் கணக்கு வழியாகத்தான் பேச வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு பழைய கதை. ஆஸ்திரேலியாவில் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கு ரக்பி லீக் தெரிந்திருக்கும். சிட்னியில் அது ஒரு பைத்தியம். அந்த ஆட்டம் பிறந்ததே ஒரு சம்பளப் பிரச்சினையில்தான். வட இங்கிலாந்தில் ரக்பி ஆடியவர்களில் நிறைய பேர் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போச்சு. அந்தக் கூலியைக் கிளப் ஈடுகட்டலாம் என்றார்கள் வடக்கே. கூடவே கூடாது, காசு வாங்கினால் ஆட்டம் கெட்டுவிடும் என்றது தலைமைச் சங்கம். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு ஊரில் ஒரு ஹோட்டலில் கூடி வடக்கத்திக் கிளப்புகள் பிரிந்து போயின. ஒரு நாள் கூலிக்கு ஈடாக 6 ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்று வைத்தார்கள். 1898-ல் சம்பளம் கொடுத்தே ஆட விடலாம் என்றார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: ஆட்டக்காரருக்கு வெளியில் உண்மையான வேலை ஒன்று இருந்தாக வேண்டும். அந்த நிபந்தனை போக இன்னும் சில வருடங்கள் ஆனது.

நம் நாட்டில் இதையே திருப்பிப் போட்டோம். ஆடுகிறவனுக்கு வேலையையே கொடுத்துவிட்டோம். கேரளத்தில் போலீஸ், மின்வாரியம், டைட்டானியம், ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவிதாங்கூர். சென்னையில் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி. காலையில் பயிற்சி, மாதம் முதல் தேதி சம்பளம், கடைசியில் பென்ஷன். இப்படித்தான் எத்தனையோ ஏழை வீட்டுப் பிள்ளைகள் கரையேறினார்கள்.

ஐ.எம். விஜயனைத் தெரியுமல்லவா? "திமிரு" படத்தில் வந்தாரே, அவரேதான். திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்ற பையன். பதினேழு வயதில் கேரள போலீஸ் அணி. அப்புறம் மோகன் பகான், ஜே.சி.டி., இந்திய அணி என்று போனார். ஆட்டம் முடிந்த பிறகு மறுபடியும் போலீஸ் வேலையில் சேர்ந்து, 2025 ஏப்ரலில் டெபுடி கமாண்டண்டாக ஓய்வு பெற்றார். அதே வருடம் பத்மஸ்ரீயும் வந்தது.

கிளப்பை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் நம்ம கொச்சியே சாட்சி. 1997-ல் எஃப்.சி. கொச்சின் ஆரம்பித்தபோது ஊரே திருவிழா. அந்த வருடமே டூராண்ட் கோப்பை. கேரளக் கிளப் ஒன்று அதை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. 1997-98 தேசிய லீக்கில் அதிக கோல் அடித்தவர் அந்த அணியில் ஆடிய நம்ம தமிழ்நாட்டு ராமன் விஜயன். ஆனால் 2002-ல் பண நெருக்கடியில் கிளப்பே மூடப்பட்டது. அஞ்சே வருஷம்!

அது பழைய கதை, இப்போது காலம் மாறிவிட்டது என்பீர்கள். 2014-ல் ஐ.எஸ்.எல். வந்தது, கலூரில் மஞ்சள் சட்டைக் கூட்டம், எல்லாம் சரி. 2025 ஜூலையில் என்ன நடந்தது? சம்மேளனத்தோடு இருந்த ஒப்பந்தம் முடியப் போகிறது, அடுத்தது என்ன என்று தெரியவில்லை என்று லீக்கையே நிறுத்தி வைத்தார்கள். அடுத்த மாதமே பெங்களூரு எஃப்.சி. ஆட்டக்காரர்கள் சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. இத்தனைக்கும் அது சின்னக் கிளப் இல்லை.

இப்போது என் கணக்கு. ஒரு பையன் வருடம் 15 லட்சம் வீதம் பத்து வருடம் சம்பாதிக்கிறான் என்று வையுங்கள். ஒன்றரைக் கோடி. வரி, ஏஜெண்ட், அப்பாவின் கடன், தங்கச்சி கல்யாணம் எல்லாம் போக பாதி மிஞ்சினாலே பெரிய விஷயம். 33 வயதில் ஆட்டம் ஓவர். அந்த 75 லட்சத்தை 60 வயது வரை பிரித்தால் மாதம் சுமார் 23,000 ரூபாய். வட்டி கூடும், விலைவாசியும் கூடும். அதற்குள் முழங்கால் போனால் பத்து வருடம் நாலாகிவிடும். எங்கள் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. எந்திரம் வாங்கிய முதல் வருடமே அதற்கு ஒதுக்க ஆரம்பிக்க வேண்டும். ஆட்டக்காரனின் காலுக்கும் அதே விதிதான். ஊரில் நிலமோ வீடோ இல்லாமல் பிழைக்க வந்த நம் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம்.

அப்படியானால் வேலை கிடைத்துவிட்டால் போதுமா? போதாது. வி.பி. சத்யன் கண்ணூர்க்காரர். கேரள போலீஸின் தூண். இந்திய அணி கேப்டன். 1992-ல் நம்ம கோயம்புத்தூரில் கேரளம் சந்தோஷ் டிராபி வாங்கியபோதும் அவர்தான் கேப்டன். பிறகு சென்னையில் இந்தியன் வங்கிக்கு ஆடினார், பயிற்சியாளராகவும் இருந்தார். 2006 ஜூலை 18 அன்று பல்லாவரம் ரயில் நிலையத்தில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 41. ஒரு மனிதர் மனதில் இருந்ததை வெளியில் நின்று அளக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். வேலை வீட்டு வாடகையைக் கட்டும். ஆட்டம் போன பிறகு "நான் யார்" என்ற கேள்விக்கு அதுவே பதில் சொல்லிவிடாது.

அதனால் நான் பெற்றோர்களிடம் சொல்வது மூன்று விஷயம்.

ஒன்று, ஆடட்டும், ஆனால் டிகிரியை விடக் கூடாது. தபால் வழியிலாவது முடிக்கட்டும்.

இரண்டு, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் 22, 23 வயதிலேயே விண்ணப்பிக்க வேண்டும். வயது வரம்பு உண்டு, அண்மைய சான்றிதழ்தான் செல்லும். ஆட்டம் மங்கிய பிறகு பழைய கோப்பையைக் காட்டினால் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

மூன்று, வேலை கிடைத்தால் வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்க்கொண்டே இருந்தால், 35 வயதில் கவுண்டரில் உட்காரும்போது பக்கத்து சீட்டில் இருக்கும் புதுப் பெண்ணிடம் எல்லாம் கேட்க வேண்டி வரும். அது ஒரு கேப்டனுக்கு எவ்வளவு வலிக்கும் என்று யோசியுங்கள். நிர்வாகங்களும் முதல் நாளிலிருந்தே அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். சுவரில் கோப்பையை மாட்டினால் மட்டும் போதாது.

ரயில்வே, வங்கி, போலீஸ் கோட்டா அறிவிப்பு ஏதாவது கண்ணில் பட்டால் இங்கே போடுகிறேன். உங்களுக்குத் தெரிந்தாலும் சொல்லுங்கள். பரேட் மைதானத்துப் பையன்கள் அப்பாக்களிடம் நான் காட்டிவிடுகிறேன்.